16-பிட் கன்சோல் கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

16-பிட் காலம் என்றால் எந்தெந்தக் கன்சோல்கள்?

முக்கியமானவை இரண்டு. முதலாவது செகா மெகா டிரைவ். ஜப்பானில் 1988 அக்டோபரிலும், 'ஜெனிசிஸ்' என்ற பெயரில் அமெரிக்காவில் 1989இலும், ஐரோப்பாவில் 1990இலும் வந்தது. இரண்டாவது நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம். ஜப்பானில் 1990 நவம்பரில் வந்து, 'சூப்பர் நின்டெண்டோ' என்ற பெயரில் 1991இல் அமெரிக்காவுக்கும் 1992இல் ஐரோப்பாவுக்கும் போனது. 1987இல் வந்த பிசி எஞ்சினின் பிராசஸர் 8-பிட்தான், ஆனால் படம் வரையும் சிப் 16-பிட் என்பதால் அதையும் இந்த வரிசையில் சேர்ப்பது வழக்கம். 1990இல் வந்த நியோ ஜியோ விலையிலும் வலிமையிலும் தனி ஜாதி. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றியவை.

முப்பது வருடத்துக்கு முந்தைய கேமின் விமர்சனத்தை இன்று யார் படிக்கிறார்கள்?

இரண்டு வகையினர். சிறுவயதில் ஆடியவர்கள் தங்கள் நினைவோடு ஒப்பிட்டுப் பார்க்கப் படிக்கிறார்கள். ஆடாதவர்கள், இப்போது ஆடலாமா, ஆடினால் எந்தப் பதிப்பை எதில் ஆடுவது என்று தெரிந்துகொள்ளப் படிக்கிறார்கள். தமிழில் எழுதும்போது இரண்டாம் வகையே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90களில் நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்தவை 8-பிட் ஃபேமிகாமின் நகல் கன்சோல்கள், 'ஆயிரம் கேம்' கேசட்கள். மெகா டிரைவ் இந்தியாவில் 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக முறைப்படி விற்பனைக்கு வந்தபோது விலை 18,000 ரூபாய். அந்தக் காசுக்கு வாங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அதனால் "அந்த நாள் ஞாபகம்" என்ற ஊன்றுகோல் இங்கே உதவாது. அமெரிக்க, ஆங்கிலேய விமர்சனங்களில் பாதி அந்த ஊன்றுகோலில்தான் நிற்கின்றன. நமக்கு அது இல்லாதது நல்லதுதான். கேம் இன்றைக்குக் கையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் வைத்துப் பேசலாம்.

எந்தப் பதிப்பை ஆடினோம் என்று சொல்வது அவ்வளவு முக்கியமா?

விமர்சனத்தில் வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஒரே பெயரில் வெளியான கேம்கள் பல சமயம் ஒரே கேம் அல்ல.

மெகா டிரைவின் 'கான்ட்ரா: ஹார்ட் கோர்' (1994) ஜப்பானியப் பதிப்பில் ஓர் உயிர் 3 அடி தாங்கும். அமெரிக்கப் பதிப்பில் ஒரே அடியில் உயிர் போகும். "கொடூரமான கேம்" என்று எழுதியவரும் "கடினம், ஆனால் நியாயமானது" என்று எழுதியவரும் வெவ்வேறு கேசட்டை ஆடியிருக்கலாம். ஐரோப்பியப் பதிப்பின் பெயரே 'புரோபோடெக்டர்'. அதில் மனித வீரர்களுக்குப் பதில் ரோபோக்கள்.

'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 3' (1994) இன்னும் மோசம். ஜப்பானில் 'பேர் நக்கிள் 3' என்று வந்ததில் கதை வேறு, கடினம் குறைவு. மேற்கத்தியப் பதிப்பில் கதையை மாற்றி, எதிரிகளின் அடியைக் கூட்டிவிட்டார்கள். எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தால் 5ஆம் கட்டத்தோடு கேம் முடிந்துவிடும். கடைசிக் கட்டங்களைப் பார்க்காமலேயே "சிறிய கேம்" என்று தீர்ப்பு சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது.

எண்களும் ஆளை ஏமாற்றும். அமெரிக்காவில் 1994இல் 'ஃபைனல் ஃபேண்டஸி 3' என்று விற்றது ஜப்பானின் 6ஆம் பாகம்; 1991இல் '2' என்று விற்றது 4ஆம் பாகம், அதுவும் எளிமையாக்கப்பட்டது. 6ஆம் பாகத்தின் மூலக் கேசட்டில் தாக்குதலைத் தவிர்க்கும் திறனுக்கான எண் வேலையே செய்யாது. கணக்கில் வரவேண்டிய இடத்தில் மந்திரத்தைத் தவிர்க்கும் எண்ணே வருகிறது. பின்னாளில் கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் சரிசெய்தார்கள். கவசம் வாங்குவது பற்றி ஆலோசனை எழுதுகிறவர் எதை ஆடினார் என்று சொல்லாவிட்டால் அந்த ஆலோசனைக்கே அர்த்தமில்லை.

என் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெகா டிரைவ் கோப்பு (கேசட்டில் உள்ளதை அப்படியே நகலெடுத்த கணினிக் கோப்பு) என்றால் ஏதாவது ஹெக்ஸ் எடிட்டரில், அதாவது கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருளில், திறங்கள். 256ஆம் பைட்டிலிருந்து தலைப்புப் பகுதி தொடங்கும். 384ஆம் பைட்டில் தொடர் எண் இருக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் கடைசி 2 இலக்கம் திருத்த எண், 00 என்றால் முதல் அச்சு. 496ஆம் பைட்டில் எந்த நாட்டுக் கன்சோலுக்கானது என்ற குறி. சில கேம்களில் திரையைப் பார்த்தாலே தெரியும். முதல் 'சோனிக்' (1991) கேமின் 01 திருத்தத்தில் கிரீன் ஹில் மேகங்கள் அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் நகரும், 00இல் நகராது.

சூப்பர் நின்டெண்டோ கோப்பின் அளவை 1024ஆல் வகுத்து 512 மீதி வந்தால், முன்னால் பழைய நகலெடுக்கும் கருவி ஒட்டிய 512 பைட் இருக்கிறது என்று பொருள். அதை நீக்காமல் செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டால் பொருந்தாது.

பெட்டியின் மேல் "16 மெகா" என்று போட்டிருந்தால் அது மெகாபிட். 8ஆல் வகுத்தால் மெகாபைட். சூப்பர் நின்டெண்டோ 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' (1992) 16 மெகாபிட், அதாவது 2 மெகாபைட். இதைத் தப்பாக எழுதுகிறவர்கள் ஏராளம்.

50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்கிறார்களே, அதில் என்ன பிரச்சினை?

அந்தக் கால கேம்கள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்து ஓடவில்லை. டிவி ஒரு படம் வரைந்தால் கேம் ஓர் அடி நகரும். ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 படம். ஐரோப்பாவின் 'பால்' (PAL) ஒளிபரப்பு முறையில் 50. ஆகவே மாற்றம் எதுவும் செய்யாமல் ஐரோப்பாவில் விட்ட கேம் 16.7 சதவீதம் மெதுவாக ஓடும். 60 நொடியில் முடியவேண்டிய ஓட்டம் 72 நொடி பிடிக்கும். பால் டிவியில் கோடுகளும் அதிகம் என்பதால் 224 கோட்டுப் படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு நசுங்கித் தெரியும்.

முதல் 'சோனிக்' 50 ஹெர்ட்ஸில் பாட்டு உட்பட இழுத்துக்கொண்டே போகும். இரண்டாம் பாகத்தில் (1992) பாட்டின் வேகத்தை மட்டும் சரிக்கட்டினார்கள், ஓட்டம் அதே மந்தம்தான். வேகத்தையே விற்ற கேமை மெதுவாக ஆடிவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு" என்று எழுதுவது அநியாயம். ஆனால் 1991இல் லண்டனில் அதை வாங்கிய பிள்ளைகள் ஆடியது அந்த மந்தமான சோனிக்கைத்தான், அதையும் ஒரு வரி சொல்லலாம்.

எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போலக் கணினியை நடக்கவைக்கும் மென்பொருள்) இந்த விஷயத்தில் சத்தமில்லாமல் காலை வாரும். ஐரோப்பியக் கோப்பைத் திறந்தால் தானாகவே 50 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், திரையில் எந்த அறிவிப்பும் வராது. அமெரிக்க அல்லது ஜப்பானியக் கோப்பையே எடுங்கள். கிடைக்காவிட்டால் ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ் போன்றவற்றில் வட்டாரத் தேர்வை 'தானியங்கி'யிலிருந்து அமெரிக்காவுக்கு மாற்றுங்கள். 50க்கென்றே வேகம் திருத்திய ஒரு சில ஐரோப்பிய கேம்கள் 60இல் ஓடினால் தறிகெட்டு வேகமாகும். பாட்டின் வேகத்தைக் கேட்டாலே எது சரி என்று பிடிபடும்.

உண்மையான கன்சோலில்தான் ஆட வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒழுங்காக அமைத்த எமுலேட்டர் போதும். தாறுமாறாக இணைத்த உண்மையான கன்சோலைவிட அது எவ்வளவோ மேல். பீஸ்நெஸ், எஸ்நெஸ்9எக்ஸ், மெசன் ஆகியவை சூப்பர் நின்டெண்டோவுக்கும், ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், பிளாஸ்ட்எம் ஆகியவை மெகா டிரைவுக்கும் நம்பத் தகுந்தவை. இசட்எஸ்நெஸ் ஒரு காலத்தில் எல்லோர் கணினியிலும் இருந்தது. ஒலியிலும் நேரக் கணக்கிலும் அது செய்யும் பிழைகள் கேமின் பிழைகளாக விமர்சனத்தில் ஏறிவிடும், தொடாதீர்கள்.

எதில் ஆடினாலும் விமர்சனத்தின் தலைப்புக்குக் கீழே ஒரு வரி: "சூப்பர் நின்டெண்டோ, அமெரிக்கப் பதிப்பு, 60 ஹெர்ட்ஸ், எஸ்நெஸ்9எக்ஸ், இயல்பு வேகம், கம்பி கன்ட்ரோலர், சேவ் ஸ்டேட் இல்லை." (சேவ் ஸ்டேட் என்பது ஆட்டத்தை எந்த நொடியிலும் சேமித்து அங்கேயே திரும்ப உதவும் எமுலேட்டர் வசதி.) இந்த ஒரு வரி உங்கள் தீர்ப்பை மற்றவர் சரிபார்க்க வழி செய்யும்.

எமுலேட்டரில் எந்த அமைப்புகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

முதலில் 'வேகக்குறைவைத் தவிர்', 'மினுக்கலைக் குறை' என்ற இரண்டும் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எஸ்நெஸ்9எக்ஸில் இரண்டும் உண்டு. ஆடுவதற்கு சௌகரியம், விமர்சனத்துக்கு விஷம். அடுத்து பிராசஸர் ஓவர்கிளாக் (பிராசஸரை மூலத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். படத்தை மென்மையாக்கும் ஃபில்டர்களை எடுத்துவிடுங்கள்.

ஒலியில், சூப்பர் நின்டெண்டோவுக்கு இன்டர்போலேஷன் (ஒலித்துண்டின் இடைவெளிகளை நிரப்பும் முறை) 'காஸியன்' என்று இருக்கட்டும், அந்தச் சிப் செய்வது அதுதான். மெகா டிரைவுக்கு ஒய்எம்2612, ஒய்எம்3438 என்று இரண்டு தேர்வு வரும். பழைய மாடல்களில் இருந்தது முதலாவது. சன்னமான ஒலிகளில் அதற்கென்று ஒரு கரகரப்பு உண்டு, சில கேம்களின் இசை அதை நம்பியே எழுதப்பட்டது.

ஜம்ப் பட்டனை அழுத்தினால் தாமதமாகக் குதிக்கிறது. கேமின் குறையா, என் டிவியின் குறையா?

பெரும்பாலும் டிவி. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், 16.7 மில்லிசெகண்ட். இன்றைய டிவிகள் படத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்கே 50 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடும், அதாவது 3 ஃபிரேம். முதல் வேலை டிவியில் 'கேம் மோடு' போடுவது. அடுத்தது புளூடூத் கன்ட்ரோலரை விட்டுக் கம்பி கன்ட்ரோலருக்கு வருவது.

கேமுக்குள்ளேயே இருக்கும் தாமதத்தை ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் எண்ணிப் பார்க்கலாம். பாத்திரம் சும்மா நிற்கும்போது விசைப்பலகையில் 'பி' அழுத்தி நிறுத்துங்கள். கன்ட்ரோலரில் ஜம்ப்பைப் பிடித்தபடியே 'கே' விசையை ஒவ்வொன்றாக அழுத்துங்கள், ஒரு முறைக்கு ஒரு ஃபிரேம் நகரும். 3ஆம் அழுத்தலில் பாத்திரம் அசைந்தால் உள் தாமதம் 2 ஃபிரேம். இந்தத் தாமதத்தைக் குறைக்கும் ரன்-அஹெட் அமைப்பில் அந்த எண் வரை வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் அசைவின் முதல் படங்கள் காணாமல் போய்ப் பாத்திரம் துள்ளித் துள்ளிப் போகும். டிவியின் தாமதத்தை ஈடுகட்ட 1 ஃபிரேம் வைப்பதில் தவறில்லை. அதற்கு மேல் வைத்தால் மூலக் கன்சோலைவிடச் சுறுசுறுப்பான ஒரு கேமுக்கு விமர்சனம் எழுதுகிறீர்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய கன்சோல் வாங்கினேன். அப்படியே பிளக்கில் செருகலாமா?

கூடாது. ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் ஆனவை. நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் புகை வரும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அல்லது கன்சோலுக்குப் பொருந்தும் வேறு அடாப்டர்.

அந்தப் பொருத்தம் இப்படி: சூப்பர் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, 850 மில்லியாம்ப், நடுவில் மைனஸ். மெகா டிரைவ் முதல் மாடலும் நடுவில் மைனஸ்தான், ஆனால் 1.2 ஆம்ப் தர வேண்டும். மெகா டிரைவ் 2க்கு நடுவில் பிளஸ், பிளக்கின் அளவும் வேறு. ஐரோப்பிய சூப்பர் நின்டெண்டோவுக்கு 9 வோல்ட் ஏசி. ஆமாம், ஏசி. அந்த அடாப்டரைக் கொண்டுபோய் சூப்பர் ஃபேமிகாமில் செருகினால் கன்சோல் கதை முடிந்தது. அமெரிக்க சூப்பர் நின்டெண்டோவின் பிளக் வேறெதிலும் சேராத தனி வடிவம்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் கன்சோல் கெடவில்லை. டிவி என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க ஒளிபரப்பு முறை) வண்ணத்தைப் புரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கேசட் வேலை செய்யவில்லை. ஊதலாமா?

ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செப்புப் பின்களைப் பச்சை பிடிக்க வைக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்குங்கள். செல்போன் ரிப்பேர் கடைகளில் 'ஐபிஏ' என்றால் தெரியும். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, பின்களின் நீளவாட்டில், இரண்டு பக்கமும் தேயுங்கள். குச்சி கறுக்காமல் வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். சில நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும், ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாகும்.

கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி வேண்டும். சூப்பர் நின்டெண்டோ கன்சோலுக்கு 4.5. மெகா டிரைவ் கன்சோலுக்குச் சாதாரண நட்சத்திரத் திருப்புளியே போதும்.

பழைய கேசட்டில் சேவ் நிற்கவில்லை.

உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சூப்பர் நின்டெண்டோவில் பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032. மாற்றுவது எளிது, ஆனால் சாதாரண கடிகார பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைக்காதீர்கள். சூட்டில் வெடிக்கலாம். காலோடு வரும் பேட்டரி தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பழையதைக் கழற்றும் முன் பிளஸ் பக்கம் எது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியதும் இருக்கும் சேவ் அழிந்துவிடும். காப்பாற்ற வேண்டியதென்றால் முதலில் கேசட் ரீடரில் நகல் எடுங்கள்.

எல்லாக் கேசட்டிலும் பேட்டரி இருக்காது. 'மெகா மேன் எக்ஸ்' (1993) பாஸ்வேர்டில் ஓடுகிறது. 'சோனிக் 3' பேட்டரியே தேவைப்படாத எஃப்ரேம் சிப்பில் சேமிக்கிறது, அதனால் இன்றும் சேவ் நிற்கும்.

வாங்கிய கேசட் போலியா என்று எப்படித் தெரியும்?

திறந்து பாருங்கள். போர்டில் பெரும்பாலும் நின்டெண்டோ அல்லது செகா பெயர் அச்சாகியிருக்கும், சிப்கள் காலோடு வரிசையாக நிற்கும். சிப் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பிசின் உருண்டை இருந்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விமர்சகருக்கு இது பணப் பிரச்சினை மட்டும் அல்ல. 'எர்த்பவுண்ட்' (1995) கேசட் தன்னை நகலெடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தால் எதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். அதையும் தாங்கிக் கடைசிப் போர் வரை போனால் அங்கே உறைந்து, எல்லா சேவ்களையும் அழித்துவிடும். "எதிரிகள் தேவைக்கு அதிகம்" என்று எழுதும் முன் கேசட்டின் வயிற்றைப் பார்ப்பது நல்லது.

வேகம் குறைவதையும் பாத்திரங்கள் மினுக்குவதையும் குறையாகச் சொல்லலாமா?

சொல்லலாம். காரணத்தோடு சொல்லுங்கள்.

மினுக்கலுக்குக் காரணம் சிப்பின் வரம்பு. மெகா டிரைவ் 320 புள்ளி அகல முறையில் ஒரு கோட்டில் 20 ஸ்ப்ரைட் (பாத்திரம், குண்டு போல நகரும் சிறு படம்) வரையும், திரை முழுக்க 80. சூப்பர் நின்டெண்டோ ஒரு கோட்டில் 32, திரையில் 128. வரம்பு மீறினால் மீதி அந்தக் கோட்டில் தெரியாது. அதனால் ஒரு ஃபிரேமில் சிலதை, அடுத்ததில் மற்றதை வரைவார்கள். அதுதான் மினுக்கல்.

வேகக்குறைவு வேறு சங்கதி. சூப்பர் நின்டெண்டோவின் பிராசஸர் வேகமான ரோம் (கேம் பதிந்திருக்கும் சிப்) கேசட்டில் 3.58 மெகாஹெர்ட்ஸிலும் மலிவான மெது ரோம் கேசட்டில் 2.68இலும் ஓடும். ஆரம்ப கால கேம்களில் மெது ரோம் அதிகம். மெகா டிரைவின் 68000 பிராசஸர் 7.67 மெகாஹெர்ட்ஸ், அதற்காக இரு மடங்கு வேகம் என்று எழுதிவிடாதீர்கள், இரண்டும் ஒரு கட்டளைக்கு எடுத்துக்கொள்ளும் சுழற்சிகளின் எண்ணிக்கை வேறு.

சூப்பர் நின்டெண்டோ 'கிரேடியஸ் 3' இதற்கு நல்ல பாடம். குண்டுகள் திரையை நிறைக்கும்போது கேம் தள்ளாடி மெதுவாகும், அந்த மெது நேரத்தில்தான் ஆடுபவர் இடுக்கில் புகுந்து தப்பிக்கிறார். ஓவர்கிளாக் போட்டு ஆடினால் தள்ளாட்டம் போய்விடும், கேமும் பல மடங்கு கடினமாகிவிடும். எங்கள் கருத்தில், தற்செயலாக நேர்ந்த வேகக்குறைவு கேமின் அமைப்பாகவே மாறிவிட்ட இடங்களை அடையாளம் காட்டுவதுதான் விமர்சகரின் வேலையில் மிகச் சுவையான பகுதி.

படத்தைப் பற்றி எழுதும்போது "பிக்சல் கலை அழகு" என்பதைத் தாண்டி என்ன சொல்வது?

வரம்புக்குள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மெகா டிரைவ் 512 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் அதிகபட்சம் 64ஐக் காட்டும். சூப்பர் நின்டெண்டோ 32,768இலிருந்து 256. அந்தப் பற்றாக்குறையை மெகா டிரைவ் ஓவியர்கள் புள்ளிவிட்டுப் புள்ளிவிட்டு வரைந்து சமாளித்தார்கள். 'சோனிக்' அருவி செங்குத்துக் கோடுகளாக வரையப்பட்டது. அன்றைய டப்பா டிவியில் காம்போசிட் கம்பி வழியாக வரும்போது கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து கண்ணாடி போல் ஆகும். இன்றைய டிவியில் கூர்மையாகக் காட்டினால் கம்பி வேலி போல் தெரியும். ஓவியரைக் குறை சொல்லும் முன் எமுலேட்டரில் ஒரு காம்போசிட் ஷேடரை (அந்தக் குழைவைப் போலச் செய்யும் பட வடிகட்டி) போட்டுப் பாருங்கள்.

கூடுதல் சிப் கேசட்டுக்குள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். 'ஸ்டார் ஃபாக்ஸ்' (1993) சூப்பர் எஃப்எக்ஸ் சிப்பாலும், மெகா டிரைவ் 'வர்ச்சுவா ரேசிங்' (1994) எஸ்விபி சிப்பாலும்தான் முப்பரிமாணம் காட்டின. கன்சோலின் சாதனை என்று அதை எழுதினால் தப்பு.

ஸ்கிரீன்ஷாட் எந்த அளவில் போடுவது?

சூப்பர் நின்டெண்டோ படம் 256×224 புள்ளி, ஆனால் டிவியில் ஒவ்வொரு புள்ளியும் சற்று அகலமானது, 8க்கு 7. அப்படியே போட்டால் ஆள்கள் ஒல்லியாகத் தெரிவார்கள். அகலத்தை 8 மடங்கு, உயரத்தை 7 மடங்கு பெருக்குங்கள்: 2048×1568, விகிதம் கச்சிதம். மெகா டிரைவின் 320×224 படத்தை 4 மடங்காக்கி 1280×896, பிறகு உயரத்தை மட்டும் 960க்கு இழுத்தால் 4:3 வந்துவிடும். பிஎன்ஜியாகவே சேமியுங்கள், ஜேபெக் சிவப்பு நிற விளிம்புகளைக் கலக்கிவிடும்.

வீடியோ பதிவில் பாத்திரத்தின் நிழல் காணாமல் போகிறது. ஏன்?

பல கேம்கள் நிழலையும், அடிபட்டபின் வரும் மினுக்கலையும் ஒரு ஃபிரேம் விட்டு ஒரு ஃபிரேம் வரைகின்றன. 30 ஃபிரேமில் பதிவு செய்தால் எப்போதும் இருக்கும் ஃபிரேம்களோ எப்போதும் இல்லாத ஃபிரேம்களோதான் பிடிபடும். 60 ஃபிரேமில் பதிவு செய்யுங்கள். யூடியூபில் 720பி-யும் அதற்கு மேலும்தான் 60 ஃபிரேம் கிடைக்கும்.

உண்மையான கன்சோலில் இன்னொரு கண்ணி: கன்சோல் அனுப்புவது 240பி (ஒவ்வொரு முறையும் ஒரு முழுப் படம்), மலிவான கேப்சர் கருவி அதை 480ஐ (இரண்டு பாதிகளாக வரும் படம்) என்று நினைத்து இரண்டு ஃபிரேமை ஒன்றாகக் கலக்கும். ஓஎஸ்எஸ்சி அல்லது ரெட்ரோடிங்க் வகை ஸ்கேலரை நடுவில் வைத்தால் தீரும். மெகா டிரைவ் முதல் மாடலின் பின்பக்க ஏவி துளையில் ஒலி மோனோ மட்டும்; ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்னால் உள்ள ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்க வேண்டும்.

இசையைப் பற்றி எழுதத் தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

இரண்டு இயந்திரமும் ஒலியை உண்டாக்கும் முறையே வேறு என்பதிலிருந்து. மெகா டிரைவின் ஒய்எம்2612 சிப் 6 தடங்களில் எஃப்எம் முறையில் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்குகிறது. 6ஆம் தடத்தை எடுத்துக்கொண்டு பதிவு செய்த டிரம், குரல் போடலாம். கூடவே 3 சதுர அலை, 1 இரைச்சல் தடம். உலோகம் போன்ற கூர்மையும் அடித்து ஆடும் பேஸும் இதன் பலம். யூசோ கோஷிரோவின் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2' இசையைக் கேட்டால் பலம் என்னவென்று புரியும்.

சூப்பர் நின்டெண்டோ 8 தடங்களில் பதிவு செய்த ஒலித்துண்டுகளை வாசிக்கும். ஆனால் எல்லாத் துண்டும் 64 கிலோபைட் நினைவகத்தில் அடங்க வேண்டும். எதிரொலி போட்டால் ஒவ்வொரு 16 மில்லிசெகண்டுக்கும் 2 கிலோபைட் போய்விடும். அதிகபட்ச 240 மில்லிசெகண்ட் எதிரொலி 30 கிலோபைட்டை விழுங்கும். வயலின் ஏன் மங்கலாக ஒலிக்கிறது, ஒரே டிரம் ஏன் எல்லாப் பாட்டிலும் வருகிறது என்பதற்கு விடை பல சமயம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

சேவ் ஸ்டேட் பயன்படுத்தலாமா? முழுக்க முடிக்க வேண்டுமா?

ஆராய்வதற்குப் பயன்படுத்துங்கள், தீர்ப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். கேமைக் கன்சோலில் இருந்தபடியே, அதன் உயிர்கள், கன்டினியூக்கள், பாஸ்வேர்டோடு ஆடி எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பாருங்கள். அந்த அனுபவத்தை வைத்துக் கடினத்தைப் பேசுங்கள். அதன்பிறகு சேவ் ஸ்டேட் வைத்து மீதியைப் பார்க்கலாம். எந்தக் கட்டத்திலிருந்து என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு சேவ் போட்டு முடித்தவருக்கு, கட்டத்தின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பும் கேமின் வலி தெரியாது; அதைக் கடந்தபோது வரும் நிம்மதியும் தெரியாது.

கையேட்டைப் படிக்காமல் "எதுவும் சொல்லித்தரவில்லை" என்று எழுதாதீர்கள். அன்று பாதி விளக்கம் காகிதத்தில்தான் இருந்தது. அமெரிக்க 'எர்த்பவுண்ட்' பெட்டிக்குள் முழு வழிகாட்டிப் புத்தகமே இருந்தது. இதற்கு மாறாக 'சூப்பர் மெட்ராய்ட்' (1994) சுவரிலிருந்து சுவருக்குத் தாவுவதைச் சில பிராணிகளை ஆடிக்காட்டவிட்டுக் கற்றுத்தருகிறது, ஒரு வரி எழுத்து கிடையாது.

ஒரே கேமின் இரண்டு கன்சோல் பதிப்புகளை ஒப்பிடலாமா?

இரண்டும் ஒரே கேம்தானா என்று முதலில் பாருங்கள். 1993இல் வந்த 'அலாதீன்' மெகா டிரைவில் வர்ஜின் செய்தது, கையில் வாள். சூப்பர் நின்டெண்டோவில் கேப்காம் செய்தது, தலையில் குதித்து ஆப்பிள் எறிய வேண்டும். மூலத் திரைப்படமும் பெயரும் மட்டுமே பொது. 'மோர்ட்டல் காம்பேட்' (1993) மெகா டிரைவில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று அழுத்தினால் ரத்தம் வரும்; சூப்பர் நின்டெண்டோவில் வியர்வைதான். சூப்பர் நின்டெண்டோவின் முதல் 'ஃபைனல் ஃபைட்'டில் இருவர் ஆட முடியாது, 'கை' (Guy) என்ற பாத்திரமும் ஒரு முழுக் கட்டமும் இல்லை.

சண்டை கேம்களில் கன்ட்ரோலரையும் குறிப்பிடுங்கள். மெகா டிரைவில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' ஆட 6 பட்டன் கன்ட்ரோலர் வேண்டும். பழைய 3 பட்டனில் குத்துக்கும் உதைக்கும் மாற ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட்டை அழுத்த வேண்டியிருக்கும்.

மதிப்பெண் போட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஜப்பானின் ஃபேமிட்சு இதழில் 4 பேர் தலா 10க்குப் போட்டு 40க்குக் கூட்டுவார்கள். அதில் கூட்டுத்தொகையைவிட நான்கு பேரும் எங்கே முரண்படுகிறார்கள் என்பதுதான் பயன். போடுவதாக இருந்தால் எதனோடு ஒப்பிட்டு என்று சொல்லுங்கள். 1991இல் புதுமையாக இருந்ததற்கு ஒரு மதிப்பு, இன்று ஆடுவதற்கு ஒரு மதிப்பு என்று இரண்டாகப் பிரிப்பது எங்களுக்குப் பிடித்த வழி. 'பைலட்விங்ஸ்' போன்ற, மோட் 7 (பின்னணிப் படத்தைச் சுழற்றி, பெரிதாக்கிக் காட்டும் சூப்பர் நின்டெண்டோ முறை) காட்சிப்பொருள்கள் முதலாவதில் உச்சத்தில் நிற்கும், இரண்டாவதில் இறங்கும்.

கோப்புகளை எங்கே எடுப்பது? சட்டம் என்ன?

தரவிறக்கத் தளங்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 2017இன் சூப்பர் நின்டெண்டோ மினியில் 21 கேமும், 2019இன் மெகா டிரைவ் மினியில் 42 கேமும் முறையான உரிமத்தோடு வந்தன. நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவிலும் நிறைய உண்டு. சொந்தக் கேசட் இருந்தால் கேசட் ரீடரில் நகல் எடுக்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுப்பதற்கும், விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதற்கும் இடம் தருகிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் விமர்சனத்துக்கு எந்த கேமை எடுக்கலாம்?

'குரோனோ டிரிகர்' வேண்டாம். 20 மணி நேரத்துக்கு மேல் ஓடும், அதைப் பற்றி எல்லாரும் எல்லாமும் எழுதிவிட்டார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும் ஆக்‌ஷன் கேமாக, ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்புகள் வேறுபடும் ஒன்றாக எடுங்கள். 'கான்ட்ரா: ஹார்ட் கோர்' சரியான தேர்வு: கிளைக்கதைகள் உண்டு, இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்து ஆடலாம். முதலில் அமெரிக்கப் பதிப்பை உதவி எதுவும் இல்லாமல் ஆடி எங்கே தோற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 3 அடி தாங்கும் ஜப்பானியப் பதிப்பில் அதே இடத்துக்கு வாருங்கள். இரண்டு குறிப்புகளுக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தை முதல் பத்தியில் எழுதுங்கள்.